இரண்டு இயங்குதளம், இரண்டு டிஸ்க்: மிரர் யார் கையில்?

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் அரசுப் பள்ளிக் கணினி அறையில் நுழைந்தால் மாநிலம் மாறியது தெரியும். கேரளத்தில் 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கி 2017இல் ‘கைட்’ என்ற நிறுவனமாக உருமாறிய அமைப்பு, பள்ளிகளுக்கென்றே தொகுத்த லினக்ஸைத்தான் கொடுக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் நடந்தது வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகளுக்குள் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒன்றாகவே குடியிருந்தன. பொத்தானை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும்.

அது அரசு செய்துகொண்ட ஒரு சமரசம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சி. உமாசங்கர் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸும் ஓப்பன் ஆபீஸும் அலுவலக மேசைகளுக்கு வந்தன. சென்னை சி-டாக், டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு வந்தது 2007இல். மடிக்கணினி கொடுக்கும்போது விண்டோஸை ஒதுக்கவும் மனமில்லை, லினக்ஸைக் கைவிடவும் மனமில்லை, இரண்டையும் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கமே திறந்தார்கள். சினிமா வைக்க இடம் போதவில்லை என்று லினக்ஸ் பகுதியை அழித்தவர்களும் உண்டு. இருந்தாலும் பூட் மெனு என்ற ஒன்றைத் தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் பார்த்தது அந்தப் பெட்டியில்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயதாகிறது. சிலர் டிடிபி சென்டர் வைத்திருப்பார்கள், சிலர் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ, சிலர் ஏலக்காய்க் கடையில் கணக்கு. பள்ளிப் பெட்டியில் ஒரே டிஸ்க். பிழைப்புப் பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்று போனாலும் மற்றது ஓடும்படி மிரர் வைக்க ஆசை. இயங்குதளமும் இரண்டு வேண்டும். இவற்றைத் தனித்தனியே செய்ய ஆயிரம் வழிகாட்டிகள் கிடைக்கும். சேர்த்துச் செய்யும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்தச் சிக்கலின் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: மிரரைப் பராமரிப்பது யார்?

இரண்டு இயங்குதளம் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கின் தொழில்களே அதற்குக் காரணம் சொல்கின்றன. போடிநாயக்கனூரிலும் மலைக்கு மேலே புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. அதைச் சார்ந்த வியாபாரக் கணக்குகளில் பெரும்பகுதி டேலியில். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு, கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனும் அதன் டிரைவரும் சேர்ந்துகொண்டன. டிடிபிக்காரர்களிடம் பேஜ்மேக்கர் 7.0 இன்னும் உயிரோடிருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷத்து நோட்டீஸ், பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ் எல்லாம் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது உண்மைதான். பழைய கோப்புகள் ஆணைக்குக் கட்டுப்பட்டுத் தாமாக மாறிவிடவில்லை. ஆக விண்டோஸ் போகாது. மறுபக்கம், 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாத பழைய மதர்போர்டுகள் விண்டோஸ் 11இன் தேவைப் பட்டியலில் தேறாது. இணையத்துக்கும் வங்கி வேலைக்கும் லினக்ஸ், பழைய மென்பொருளுக்கு விண்டோஸ் என்று பிரித்துக்கொள்வது சிக்கனமான யோசனை. கணியம் மின்னிதழ் போன்ற முயற்சிகளால் தமிழிலேயே லினக்ஸ் படிக்கவும் முடிகிறது.

மிரர் என்பது பழைய யோசனை. நிற்கவே கூடாத வங்கிக் கணினிகளுக்காக 1970களிலேயே டான்டம் நிறுவனம் ஒவ்வொரு டிஸ்கையும் ஜோடியாக வைத்தது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுரைதான் இந்த ஏற்பாடுகளுக்கு ரெய்டு என்று பெயர் வைத்து 1 முதல் 5 வரை படிநிலை வகுத்தது. அதில் முதல் படி மிரர். எழுதுவதை இரண்டு டிஸ்கிலும் எழுது, படிப்பதை எதிலிருந்தாவது படி. கணக்கு அவ்வளவு எளிது.

ஆனால் இரண்டு டிஸ்கிலும் எழுதச் சொல்லும் ஒரு ஆள் வேண்டும். சர்வர்களில் அதற்குத் தனி கார்டு உண்டு. இயங்குதளத்துக்கு ஒரே டிஸ்க் இருப்பதாகவே தோன்றும். எத்தனை இயங்குதளம் போட்டாலும் பிரச்சினை இல்லை. விலைதான் பிரச்சினை. அதைவிட, கார்டு செத்தால் அதே வகைக் கார்டு தேட வேண்டும். தேனியில் கிடைக்காது, மதுரையிலும் சந்தேகம், சென்னை ரிச்சி தெருவுக்கோ இணையத்துக்கோ போக வேண்டும். டிஸ்க் செத்தால் அரை நாளில் சரியாகும் வேலை, கார்டு செத்தால் ஒரு வாரம் இழுக்கும். கடைக்கு இது வேண்டாம் என்பேன்.

கார்டு இல்லையென்றால் அந்த வேலையை இயங்குதளமே செய்ய வேண்டும். லினக்ஸில் அதற்கு எம்டி என்ற உட்பகுதியும் அதை ஆளும் எம்டிஅட்மின் கருவியும் உண்டு. விண்டோஸில் 2000ஆம் பதிப்போடு வந்த டைனமிக் டிஸ்க் உண்டு, விண்டோஸ் 8இல் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் உண்டு. ஹோம் பதிப்பில் டைனமிக் மிரர் கிடையாது. நம் கடைகளில் கணினியோடு வருவது பெரும்பாலும் அந்த ஹோம்தான். ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் வைத்த இடத்திலிருந்து சாதாரண விண்டோஸால் பூட் ஆக முடியாது, லினக்ஸுக்கோ அது புரியாது. எம்டியின் மிரர் விண்டோஸுக்குப் புரியாது. ஒரே பேரேட்டை இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினால் என்ன ஆகுமோ, ஒரு மிரரின் ஒரு பாதியை மட்டும் இன்னொரு இயங்குதளம் எழுதினால் அதுதான் ஆகும். மிரருக்கு எந்தப் பக்கம் சரி, எந்தப் பக்கம் தவறு என்று தெரியாது. வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் கெட்ட பக்கத்தை அடையாளம் காணும். அவையும் நடைமுறையில் லினக்ஸ் பக்கத்துக்கு மட்டுமே.

இரண்டு இயங்குதளமும் ஒப்புக்கொள்ளும் நடுவழி ஒன்று உண்டு. பல இன்டெல் மதர்போர்டுகளில் பயாஸ் வழியே மிரர் அமைக்கலாம். விண்டோஸ் அதை இன்டெல்லின் டிரைவரால் புரிந்துகொள்ளும், லினக்ஸில் எம்டிஅட்மினே அந்த வடிவத்தைப் படிக்கும். வன்பொருள் ரெய்டு போலத் தோற்றம், உள்ளே வேலை செய்வது இயங்குதளத்து டிரைவர். இதைப் ‘போலி ரெய்டு’ என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த இளக்காரம் கொஞ்சம் அதிகம். மிரர் விஷயத்தில் அதன் குறிப்புகள் டிஸ்கின் கடைசியில் இருப்பதால், போர்டே செத்தாலும் ஒரு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் பெரும்பாலும் படித்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பயாஸ் அப்டேட்டிலோ பேட்டரி தீர்ந்தோ அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பி, ரெய்டு என்றிருந்தது ஏஹெச்சிஐ ஆகிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் லினக்ஸ் இரண்டு டிஸ்கையும் தனித்தனியாகப் பார்த்து ஒன்றில் மட்டும் எழுதிவிடுவது. பயாஸில் ரெய்டு பயன்முறை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேபினட்டுக்குள் ஒட்டிவைப்பவருக்கு இந்த வழி பொருந்தும். சர்வீஸுக்கு வருகிறவர் முதலில் செய்வது பயாஸை ரீசெட் செய்வது என்பதை மறக்கக் கூடாது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஆளுக்கொரு பங்கு. இரண்டு டிஸ்கையும் ஜிபிடி முறையில், ஒரே அளவான பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். (பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பகுதிகள்தான், டிஸ்கில் ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் அது எட்டாது, ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளத்துக்கு அதைத் தொடாமலிருப்பதே நலம்.) முதல் டிஸ்கில் விண்டோஸ் தனியாக, மிரர் இல்லாமல். இரண்டாம் டிஸ்கில் அதற்கு எதிரே உள்ள இடத்தில் வாரம் ஒருமுறை விண்டோஸின் முழு இமேஜ். லினக்ஸின் பகுதிகள் மட்டும் எம்டி மிரராக இரண்டு டிஸ்கிலும். விண்டோஸ் போனால் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் செலவழித்து இமேஜிலிருந்து மீட்கலாம். லினக்ஸ் நிற்காமல் ஓடும். விண்டோஸையும் நிற்காமல் ஓடவைக்க வேண்டுமென்றால், ஆசையைக் கொஞ்சம் குறைப்பதே நல்லது.

இந்த ஏற்பாட்டில் கவனம் கேட்பது பூட் ஆகும் இடம். யுஇஎஃப்ஐ கணினிகளில் ஈஎஸ்பி என்ற சின்னப் பகுதியிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். அது ஃபேட் வடிவில் இருக்க வேண்டும். மதர்போர்டுக்கு மிரர் தெரியாது. லினக்ஸ் மட்டுமே உள்ள கணினியில் ஒரு தந்திரம் செய்வார்கள். எம்டியின் குறிப்பைப் பகுதியின் கடைசியில் வைக்கும் 1.0 வடிவத்தைத் தேர்ந்து ஈஎஸ்பியையே மிரராக்கிவிடுவார்கள். மதர்போர்டு கண்ணுக்கு அது வெறும் ஃபேட் பகுதி. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் இது கூடவே கூடாது. விண்டோஸ் அப்டேட் ஒவ்வொன்றும் ஈஎஸ்பியில் எழுதக்கூடும், எழுதுவது ஒரு டிஸ்கில் மட்டும். பிறகு லினக்ஸ் வந்து பார்க்கும்போது மிரரின் இரு பாதியும் வேறு வேறு. ஆகவே டிஸ்குக்கு ஒன்றாக இரண்டு ஈஎஸ்பியைத் தனித்தனியே வைத்து, ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றதற்குப் படியெடுப்பதுதான் வழி. உபுண்டு 20.04 முதல், லினக்ஸின் பூட் நிரலான க்ரப்பை ஒன்றுக்கு மேற்பட்ட ஈஎஸ்பியில் நிறுவச் சொல்லலாம். விண்டோஸின் பூட் கோப்புகளை நாமே படியெடுக்க வேண்டும். இரண்டாம் ஈஎஸ்பிக்கும் பூட் பட்டியலில் ஒரு பெயர் பதிந்துவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் டிஸ்க் செத்த அன்று, மிரரில் எல்லாம் பத்திரமாக இருந்தும் கணினி ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று நிற்கும்.

பழைய பயாஸ் காலத்தில் இதே தவறு வேறு வடிவில் நடந்தது. டிஸ்கின் முதல் 512 பைட்டில் 446 பைட்தான் பூட் நிரலுக்கு. க்ரப்பை முதல் டிஸ்கில் மட்டும் எழுதிவிட்டு மிரர் காப்பாற்றும் என்று இருந்தவர்கள் பலர்.

சின்னச் சின்னத் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் கணக்கில் வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கு அந்த வித்தியாசம் ஐந்தரை மணி. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். நேரத்தைப் பார்த்துப் புதிய கோப்பு எது என்று முடிவு செய்யும் பேக்கப் மென்பொருள் அப்போது பழையதைப் புதியது என்று எண்ணிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் ஒரு அமைப்பை மாற்றினால் தீரும். அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 முதல், ‘ஷட்டவுன்’ என்று நாம் நினைப்பது அரைத்தூக்கம்தான். அந்த நிலையில் அதன் என்டிஎஃப்எஸ் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்பு கெடும். இந்த வசதியை அணைத்தே ஆக வேண்டும். பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால், பூட் ஏற்பாட்டை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளாதவர் பாடு திண்டாட்டம். 2024 ஆகஸ்ட் மாதத்து விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டும் நினைவிருக்கலாம்: செக்யூர் பூட்டின் ஒரு பட்டியலைப் புதுப்பித்ததில், உலகெங்கும் பல இரட்டைப் பூட் கணினிகளில் லினக்ஸ் பக்கம் திறக்க மறுத்தது. ஒருவர் வீட்டுக் கதவுப் பூட்டை மற்றவர் மாற்ற முடியும் என்பதே இரட்டைப் பூட்டின் நிரந்தரப் பலவீனம். மிரர் இதில் உதவாது. அந்தப் பட்டியல் இருப்பது டிஸ்கில் அல்ல, மதர்போர்டில்.

இதைவிட யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. எம்டி மிரரில் ஒரு டிஸ்க் செத்தால் தகவல் சொல்வது லினக்ஸ். டெபியன் வகை லினக்ஸ்கள் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவுக்குப் பின் மிரரின் இரு பாதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் முகூர்த்தக் காலம்; ஆல்பம் வேலை நெருக்கும். ஸ்டுடியோக்காரர் வாரக்கணக்கில் விண்டோஸிலேயே இருப்பார். ஞாயிறு நள்ளிரவில் கடை பூட்டி, மெயின் ஆஃப். லினக்ஸ் ஓடாத நாட்களில் மிரரைக் கவனிக்க ஆளில்லை. மூன்று மாதம் கழித்து லினக்ஸைத் திறக்கும்போது ஒரு பாதி எப்போதோ செத்துப்போயிருக்கும், மிரர் ஒற்றைக் காலில் நின்றிருக்கும். விண்டோஸிலிருந்தே டிஸ்கின் ஸ்மார்ட் எண்களைக் காட்டும் இலவசக் கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் திரை ஓரத்தில் ஓடவிடுவது, எம்டிஅட்மினின் மின்னஞ்சல் எச்சரிக்கையைவிட இங்கே பயன் தரும்.

அடுத்தது கரண்ட். 2012 மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு இன்வெர்ட்டர் பரவலாகிவிட்டது. ஆனால் வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் பயன்முறைக்கு ஒரு சுவிட்ச் இருப்பதும், அதைப் போடாவிட்டால் மாறும் இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒரு டிஸ்கில் புதியது, மற்றதில் பழையது. எம்டி அடுத்த முறை எழும்போது முழு டிஸ்கையும் ஒத்துப் பார்க்கும்: நொடிக்கு 120 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்குக்கு இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். அதற்குள் நீங்கள் விண்டோஸுக்கு மாறினால் வேலை பாதியில் நிற்கும். எழுதப்படும் இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் வசதியைப் போட்டிருந்தால், குறித்த இடங்களை மட்டும் ஒத்துப் பார்த்து விரைவில் முடித்துவிடும்.

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் மேற்குமலை அடிவாரத்தில் இடி இறங்குவதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே பவர் சப்ளையில் தொங்கும் இரண்டு டிஸ்கும் இடிக்கு ஒரே டிஸ்க்தான். வைரஸுக்கும் அப்படியே. 2017 மே மாதம் உலகை ஆட்டிய வானாக்ரை போன்ற ஒன்று கோப்புகளைப் பூட்டினால் மிரர் பூட்டிய கோப்பை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளும். தவறுதலாக டெலீட் செய்ததும் இரண்டு பக்கமும் போகும். டிஸ்க் சாவு என்ற ஒரே விபத்துக்குத்தான் மிரர் மருந்து. மற்ற எல்லாவற்றுக்கும், கணினியோடு சேராமல் கழற்றி வைத்த யுஎஸ்பி டிஸ்க். அதுவும் ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.

அப்படியானால் யாருக்கு எது? ஏலக்காய்க் கடையின் டேலி கணக்குக்கு மிரர் அவசியமே இல்லை என்பது என் எண்ணம். தரவு சில நூறு எம்பிதான். ஒவ்வொரு நாள் மாலையும் பென் டிரைவில் ஒரு பேக்கப் எடுத்தால் போதும், டிஸ்க் செத்தால் வேறு கணினியில் டேலி போட்டு மறுநாளே வேலை ஓடும். டிடிபி சென்டருக்கு நான் வேறு வழி சொல்வேன். லினக்ஸை மட்டும் மிரரில் நிறுவி, பழைய விண்டோஸை அதற்குள் மெய்நிகர் கணினியாக ஓட்டுவது. அப்போது மிரரை ஒரே ஆள் பார்த்துக்கொள்வார். விண்டோஸின் மொத்த டிஸ்கும் லினக்ஸுக்கு ஒரு கோப்புதான், படியெடுப்பது எளிது. பேஜ்மேக்கருக்குப் பெரிய கணினி தேவையில்லை. டாங்கிள் கேட்கும் மென்பொருளுக்கு யுஎஸ்பியை உள்ளே அனுப்பும் வசதி உண்டு; வாங்கிய டாங்கிள் அதற்கு ஒத்துழைக்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். பூட் மெனு, கடிகாரம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று மேலே சொன்ன தொல்லைகளில் பாதி இந்த ஏற்பாட்டில் எழவே எழாது.

ஸ்டுடியோக்காரருக்குத்தான் உண்மையில் இரட்டைப் பூட்டும் மிரரும் சேர்ந்து தேவைப்படும். ஃபோட்டோஷாப்புக்கும் வீடியோவுக்கும் கிராபிக்ஸ் கார்டு நேரடியாக வேண்டும், மெய்நிகர் கணினி திணறும். கல்யாணம் முடிந்தபின் கேமரா கார்டை அழித்துவிட்டால் அந்தப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. அவருக்கு இரண்டாவது பெட்டி ஒன்றைச் சொல்வேன். பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் இரண்டு டிஸ்க் மிரரும் போட்டு, சாம்பா வழியாகக் கடைக்குள் பகிர்ந்துகொள்வது. வேலைக் கணினியில் எத்தனை இயங்குதளம் இருந்தாலும், எது கெட்டாலும், படங்கள் பக்கத்துப் பெட்டியில். அந்தப் பெட்டியை இரவிலும் ஓடவிட்டால் மிரர் சரிபார்ப்பும் தவறாது. கேமரா கார்டை அழிப்பதற்கு முன், கழற்றி வைக்கும் யுஎஸ்பி டிஸ்கிலும் ஒரு பிரதி ஏறிவிட வேண்டும்.

எந்த வழி போனாலும் டிஸ்க் வாங்குவதில் சில விஷயம். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு டிஸ்கும் ஒரே தொகுதியில் தயாரானவையாக இருக்கும். ஒன்று போகும் சமயத்தில் மற்றதும் தளர்ந்திருக்கும். வேறு வேறு கம்பெனி, குறைந்தது வேறு வேறு மாதத் தயாரிப்பு நல்லது. எஸ்எம்ஆர் வகை டிஸ்குகள் விலை குறைவு, ஆனால் மிரரை மறுபடி கட்டும்போது நத்தை வேகம். சில தயாரிப்பாளர்கள் அதைப் பெட்டியில் சொல்லாமலே விற்றது 2020இல்தான் வெளியே தெரிந்தது. மாடல் எண்ணை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

அமைத்து முடித்ததும், தரவு ஏற்றுவதற்கு முன், கணினியை அணைத்து முதல் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாம் ஈஎஸ்பியிலிருந்து லினக்ஸ் எழுகிறதா? விண்டோஸ் இமேஜைத் திருப்பி ஏற்ற முடிகிறதா? பிறகு கேபிளை மாட்டி, மிரர் ஒத்துச் சேரும்வரை காத்திருந்து, இரண்டாம் டிஸ்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காத்திருக்காமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கழற்றினால் எது புதியது என்று மிரரே குழம்பும். அந்தப் பொறுமையில் குறை வைக்கக் கூடாது. பகுதி பிரிக்கும்போதே ஒவ்வொரு டிஸ்கின் கடைசியிலும் ஒரு ஜிபியைக் காலியாக விட்டுவைப்பதும் முக்கியம். 1 டிபி என்று விற்கும் இரண்டு கம்பெனி டிஸ்குகள் சில செக்டர்கள் வித்தியாசப்படலாம். மாற்று டிஸ்க் ஒரு செக்டர் குறைந்தாலும் எம்டி அதை மிரரில் சேர்க்க மறுத்துவிடும். கடைக்காரரோ பிரித்த டிஸ்கைத் திருப்பி வாங்க மாட்டார்.